சிக்னல் வலுவும் இணைய வேகமும்: யுஎஸ்பி வைஃபை அடாப்டர்களின் வளர்ச்சி, கல்வராயன் மலையை முன்வைத்து

1. ஆய்வுப் பொருள்

“டவர் காட்டுது, நெட் வரல” என்ற குறை ஊருக்கு ஊர் கேட்பதுதான். சிக்னல் நிறைந்திருந்தால் வேகமும் நிறைந்திருக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். கணினியில் செருகும் யுஎஸ்பி வைஃபை அடாப்டர்களை ஒப்பிடும் பட்டியல்கள் பலவும் இந்த எதிர்பார்ப்பின் மேல்தான் நிற்கின்றன. ஆனால் கால் நூற்றாண்டு வரலாற்றைப் பார்த்தால், வேகத்தைத் தடுத்த இடம் காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. சிக்னல் அவற்றுள் ஒன்று மட்டுமே. 2019 நவம்பரில் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில் சமவெளியும், 2,000 முதல் 3,000 அடி வரை உயர்ந்த கல்வராயன் மலையும் அருகருகே இருப்பதால், இதைச் சோதித்துப் பார்க்க ஏற்ற நிலம் அது.

2. நேர்பார்வைக் காலம்

கள்ளக்குறிச்சி 1993 வரை பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. அதே மாவட்டப் பகுதியான நெல்லிக்குப்பத்தில், 2000-களின் தொடக்கத்தில் இஐடி பாரி நிறுவனம் கரும்பு விவசாயிகளுக்காக இணைய மையங்களை அமைத்தது. கம்பியில்லா இணைப்பைத் தந்தது சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட். அதன் வேகம் விநாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். கோபுரமும் வீட்டு ஆன்டெனாவும் ஒன்றையொன்று நேராகப் பார்த்தால் இணைப்பு, இல்லாவிட்டால் இல்லை. அங்கே சிக்னல்தான் எல்லாம். இன்றைய எதிர்பார்ப்பு அந்த அனுபவத்துக்கே பொருந்தும்.

3. துளை தடுத்த காலம்

1999-இல் வந்த 802.11பி வைஃபை தரத்தின் உச்ச வேகம் விநாடிக்கு 11 மெகாபிட். அன்றைய யுஎஸ்பி 1.1 துளை தாங்கியதோ 12 மெகாபிட். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போயின. 2003-இல் 54 மெகாபிட் கொண்ட 802.11ஜி வந்ததும் பழைய துளை முட்டுக்கட்டை ஆனது. சிக்னல் எவ்வளவு இருந்தாலும் 12-ஐத் தாண்ட வழியில்லை. 480 மெகாபிட் தாங்கும் யுஎஸ்பி 2.0 பரவிய பிறகே சிக்கல் தீர்ந்தது.

இந்தியாவில் 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, வெளியிடப் பயன்பாட்டுக்கும் உரிமம் தேவையில்லாததாக அறிவிக்கப்பட்டது. வைஃபை அறையை விட்டு வெளியே பரவ அது வழிவிட்டது.

4. தேனி தந்த பாடம்

அவ்வாண்டுகளில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் சுற்று வட்டாரக் கிராமக் கண் மையங்களுக்கும் இடையே, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெடுந்தூர வைஃபை இணைப்புகளை நிறுவினர். எரிக் புரூவர் வழிநடத்திய அக்குழு பயன்படுத்தியது கடையில் கிடைக்கும் சாதாரண வைஃபை அட்டைகளையே. மருத்துவர் தேனியிலிருந்தபடியே கிராம நோயாளியுடன் காணொளியில் பேசினார்.

நேர்பார்வையும் திசை ஆன்டெனாவும் இருந்ததால் சிக்னலுக்குக் குறைவில்லை. வேகம் மட்டும் சரிந்தது. ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் மறுமுனையிலிருந்து ஒப்புதல் வர வேண்டும் என்பது வைஃபை விதி. அறைக்குள் பேசுவதற்கு வகுத்த அந்த விதி மிகக் குறைந்த நேரமே காத்திருக்கும். 10 கிலோமீட்டர் போய்த் திரும்ப ரேடியோ அலைக்கு 67 மைக்ரோவிநாடி ஆகும். ஒப்புதல் வந்து சேருமுன்னே, பொட்டலம் தொலைந்ததாக எண்ணி அட்டை மீண்டும் அனுப்பத் தொடங்கிவிடும். இரு முனைகளும் முறை வைத்துப் பேசவும் ஒப்புதல்களை மொத்தமாக அனுப்பவும் மென்பொருளை மாற்றியமைத்து, 2 முதல் 5 மடங்கு வரை வேகம் கூடியதாக 2007-இல் அக்குழு வெளியிட்டது. அதே ஆண்டில் வெனிசுலாவில் 382 கிலோமீட்டர் இணைப்பில், அந்த மென்பொருள் திசைக்கு 3 மெகாபிட் வேகம் தந்தது.

5. வாட் போட்டி

இதே காலத்தில் அடாப்டர் சந்தை வேறு பாதையில் போனது. ரியல்டெக் 8187எல் சில்லு கொண்ட ஆல்ஃபா அடாப்டர்கள் 1 வாட் வரை என்று விளம்பரப்படுத்தப்பட்டன. யுஎஸ்பி 2.0 துளை தருவதே 2.5 வாட் மின்சாரம்தான் என்பதால், இரண்டு துளைகளில் செருகும் கேபிளோடும் இத்தகையவை வந்தன.

அடாப்டரின் வாட் கூடினால் அதன் குரல் ரவுட்டருக்கு நன்றாகக் கேட்கும். ரவுட்டரின் குரல் அடாப்டருக்கு முன்போலத்தான் கேட்கும். திரையில் தெரியும் சிக்னலும் பதிவிறக்கமும் ரவுட்டரின் குரலைச் சார்ந்தவை. இரு திசைக்கும் உதவுவது ஆன்டெனா. டிபி-லிங்க் 722என் போன்ற 4 டெசிபெல் வெளி ஆன்டெனா கொண்டவை, விரல்நகம் அளவிலான நானோ வகையைவிடத் தொலைவில் நிலைத்து நின்றதற்கு இதுவே காரணம்.

திரையில் தெரியும் சிக்னல் விழுக்காடும் நேரடி அளவு அல்ல. சிக்னல் வலுவின் அலகு டிபிஎம். விண்டோஸில் −100 டிபிஎம் என்றால் 0, −50 டிபிஎம் என்றால் 100. அந்த −50-க்கு மேல் வலு கூடினாலும் எண் நகராது. 802.11ஜி தரப்படி 54 மெகாபிட்டுக்கு −65 டிபிஎம் வேண்டும். 6 மெகாபிட்டுக்கு −82 போதும். இந்த 17 டெசிபெல் இடைவெளி, திறந்தவெளியில் ஏழு மடங்கு தூரத்துக்குச் சமம். அதாவது, இணைப்பு அறுபடாமலே வேகம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடலாம்.

6. இரைச்சலின் காலம்

802.11என் (2009), 802.11ஏசி (2013) வந்தபின் தடை காற்றுக்கு இடம்பெயர்ந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே. கடைவீதியில் பத்து ரவுட்டர்கள் அவற்றைப் பங்கிட்டால், சிக்னல் முழுதாக இருந்தும் முறைக்குக் காத்திருக்க நேரும். யுஎஸ்பி 3.0 துளையே 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் எழுப்புவதை 2012-இல் இன்டெல் விளக்கியது. ஒரு நீட்டிப்புக் கேபிள் போட்டு அடாப்டரைத் தள்ளி வைப்பது இன்றும் மலிவான தீர்வு. 2018-இல் இந்தியா 5 கிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை உரிமமின்றித் திறந்துவிட்டதால், நெரிசலுக்கு மாற்றுவழி கிடைத்தது.

7. மலைக்கும் சமவெளிக்கும்

ஆகவே ஒரே ஒப்பீட்டுப் பட்டியல் இரண்டு நிலத்துக்கும் செல்லாது. கள்ளக்குறிச்சி நகரத் தெருவில் தடை இரைச்சல். அங்கே 5 கிகாஹெர்ட்ஸ் அடாப்டர் சிக்னலைக் குறைவாகக் காட்டினாலும் வேகத்தில் முந்தும். கல்வராயனில் வீடுகள் சிதறிக் கிடக்கும் ஊர்களில் போட்டி ரவுட்டர்கள் குறைவு, தடை தூரமும் மரமும் மேடும். அங்கே வெளி ஆன்டெனா கொண்ட 2.4 கிகாஹெர்ட்ஸ் அடாப்டரே பொருத்தம். ரவுட்டருக்குப் பின்னால் மலையேறி வரும் இணைப்பு மெலிந்திருந்தால், எந்த அடாப்டரும் அதை ஈடுகட்டாது.

ஒப்பிடுகிறவர் ஒரே இடத்தில், ஒரே ரவுட்டரோடு, டிபிஎம் அளவையும் உள்வலையில் கோப்பு நகரும் வேகத்தையும் வெளி இணைய வேகத்தையும் தனித்தனியே குறிக்க வேண்டும். மூன்றில் எது முதலில் சரிகிறதோ, பணத்தை அங்கே செலவிடலாம். அது அடாப்டராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.