கொல்லிமலைக் கறிக்குழம்பு: சாமைச் சோறு முதல் பாஸ்தா வரை

கறிக்குழம்பு என்பது இறைச்சியை வெங்காயம், மிளகு, சீரகம், மல்லி சேர்த்த மசாலாவில் வேகவைத்து, சோறு, களி, இடியாப்பம் ஆகியவற்றின் மேல் ஊற்றி உண்ணும் தொடுகறி. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் இதன் வரலாறு, அங்கு விளைந்த தானியங்களின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது. சாமை, தினை, கேழ்வரகு என்றிருந்த தட்டில் பின்னர் மரவள்ளியும் ரேஷன் அரிசியும் வந்தன. அண்மைக் காலத்தில் சேமியாவும் பாஸ்தாவும் சேர்ந்துள்ளன. தட்டில் இருப்பது மாறியபோதெல்லாம் குழம்பு பெரிதாக மாறவில்லை; மாறியது பெரும்பாலும் அதைச் செய்து முடிக்கும் நேரம்தான்.

இடமும் மக்களும்

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. ஊர்கள் பெரும்பாலும் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளன. அடிவாரமான காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை ஏறுகிறது. வட்டாரத் தலைமையிடம் செம்மேடு. வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, வாழவந்தி நாடு என ‘நாடு’களாகப் பிரிந்துள்ள இம்மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுகின்றனர். கேரள மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. தமிழ் பேசும் இவர்கள் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகக் கூறுகின்றனர்.

பழைய சான்று

கொல்லிமலையில் இறைச்சி உணவுக்கான பழைய சான்றுகளில் ஒன்று புறநானூற்றில் உள்ளது. வன்பரணர் பாடிய 152ஆம் பாடலில், யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றை ஒரே அம்பால் வீழ்த்திய வேட்டுவன் ஒருவனைப் பாணர் கூட்டம் காட்டில் சந்திக்கிறது. அவன்தான் கொல்லியை ஆண்ட வல்வில் ஓரி. கொழுப்புள்ள மான்கறியை வேகவைத்துக் கொடுத்து, மதுவும் வழங்கி, தன் மலையில் கிடைத்த பொன்னையும் அவர்களுக்கு அளிக்கிறான். ஓரிக்குச் செம்மேட்டில் குதிரை மீதமர்ந்த சிலை உண்டு. ஆடிப் பெருக்கையொட்டி ஆண்டுதோறும் அரசு விழா நடக்கிறது.

மிளகும் மிளகாயும்

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாகத்தான் இந்தியா வந்தது. அதற்கு முன் தமிழ்ச் சமையலில் காரம் என்றால் மிளகுதான். தக்காளி சமையலறைக்குப் பரவலாக வந்தது அதற்கும் வெகு பின்னர். கொல்லிமலையில் இன்றும் மிளகு முக்கியப் பணப்பயிர். சில்வர் ஓக் மரங்களில் கொடியேற்றி, காபித் தோட்டங்களுக்கு நடுவே வளர்க்கிறார்கள். மிளகாய் வந்த பிறகும் கறிக்கு மிளகை இடித்துப் போடும் பழக்கம் நிலைத்ததற்கு அது கையெட்டும் தூரத்தில் விளைவதும் ஒரு காரணம்.

தட்டில் வந்த மாற்றம்

கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை எனச் சாமையில் பல வகைகள் இம்மலையில் பயிரிடப்பட்டன. தினையிலும் கேழ்வரகிலும் அவ்வாறே. சாமையின் உமி கடினமானது. உரலில் இட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து அரிசி எடுப்பது பெண்களின் தலையில் விழுந்த நீண்ட வேலை. குழம்பு கொதிப்பதற்குள் சோறு ஆகிவிடும். ஆனால் அந்தச் சோற்றுக்கான அரிசியைக் குத்தி முடிக்க அரை நாள் போய்விடும்.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரவள்ளி இந்த நிலங்களைப் பிடித்துக்கொண்டது. சேலம், ஆத்தூர்ப் பகுதி ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு தேவைப்பட்டது. குத்துகிற வேலையும் இல்லை, கையில் காசும் கிடைத்தது. தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2008இல் கிலோ 1 ரூபாய்க்கும் 2011 முதல் விலையின்றியும் கிடைத்ததால், சோற்றுக்காகச் சாமை விதைக்க வேண்டிய கட்டாயம் மேலும் குறைந்தது. சிறுதானியப் பரப்பு பெரிதும் சுருங்கியது.

இதை மீட்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்குப் பணியாற்றியது. பழைய வகைகளின் விதைகளைச் சேமிப்பது, உமி நீக்கும் சிறு இயந்திரங்களை ஊர்களில் அமைப்பது, ரவை, மால்ட் போன்றவற்றைத் தயாரித்து விற்க மகளிர் குழுக்களைப் பழக்குவது ஆகியவை அப்பணியின் முக்கியப் பகுதிகள். உலக்கையின் வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டபோதுதான் சிறுதானியம் மறுபடி சமைக்கத் தோதான பொருளாயிற்று.

கொத்துக்கறியும் நேரமும்

கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீர், 1,200 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் மலையில் ஆட்டுக்கறி திறந்த சட்டியில் வேகச் சமவெளியைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். பிரஷர் குக்கரில் வெப்பம் 120 டிகிரியை நெருங்குவதால் இந்தக் குறை தீர்கிறது. இன்னொரு வழி, கறியைப் பொடியாகக் கொத்திக்கொள்வது. தசைநார்கள் அறுபட்டிருப்பதால் கொத்துக்கறி சீக்கிரம் வெந்து, குழம்போடு கலந்துவிடும்.

விரைவான கறிச் சமையலுக்கு இதே மாவட்டத்தில் இன்னொரு எடுத்துக்காட்டு பள்ளிபாளையம் சிக்கன். சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், தேங்காய்ப் பல், கோழிக்கறி, இவ்வளவுதான். மசாலாத் தூளுக்கு அங்கு வேலையில்லை. கோழிப் பண்ணைகளுக்குப் பேர்போன நாமக்கல்லில் பிராய்லர் கறி எளிதில் கிடைப்பதும் இத்தகைய சமையலுக்கு வசதி.

பாஸ்தாவும் கறிச்சாறும்

மாவைப் பிழிந்து நூலாக்கி உண்பது தென்னிந்தியாவுக்குப் புதிதல்ல. சாவுண்டராயர் 1025இல் கன்னடத்தில் எழுதிய ‘லோகோபகார’ நூல் சேவை செய்யும் முறையையும் பிழியும் அச்சையும் குறிப்பிடுகிறது. கொங்குப் பகுதியில் அரிசிமாவை வேகவைத்துப் பிழியும் சந்தகை இன்றும் வீட்டு உணவு, கறிக்குழம்போடும் பரிமாறுவார்கள்.

இத்தாலியில் கறிக்குழம்புக்கு இணையானது பொலோனியா நகரத்து ராகு என்னும் கறிச்சாறு. பெல்லெக்ரினோ ஆர்ட்டூசி 1891இல் வெளியிட்ட சமையல் நூலில் பொலோனியா பாணி மக்ரோனிக்குக் கறிச்சாறு உண்டு. அதில் தக்காளி இல்லை. 1982இல் இத்தாலியச் சமையல் கழகம் தக்காளி சேர்ந்த செய்முறை ஒன்றை அந்நகர வணிகச் சபையில் பதிவு செய்தது. அங்கும் இங்கும் தக்காளி பின்னால் வந்து சேர்ந்த பொருளே.

இந்தியாவில் 1983இல் மேகி நூடுல்ஸ் வந்தபின் கொதிநீரில் போட்டு எடுக்கும் உணவு வீடுகளில் பழகிப்போனது. ஐ.நா. அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததையொட்டி, கேழ்வரகு, வரகு, சாமை சேர்த்த சேமியாவும் பாஸ்தாவும் கடைகளில் கூடுதலாகத் தென்பட்டன.

வீட்டுச் செய்முறை

கால் கிலோ கொத்துக்கறிக்கு ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, சிறு துண்டு இஞ்சி, இரண்டு தக்காளி போதும். ஒன்றரை டீஸ்பூன் மிளகு, ஒரு டீஸ்பூன் சீரகம், இரண்டு டீஸ்பூன் மல்லியை வறுத்துப் பொடிக்க வேண்டும். கடலை எண்ணெயில் சோம்பும் கறிவேப்பிலையும் தாளித்து, நறுக்கிய வெங்காயத்தையும் நசுக்கிய இஞ்சி பூண்டையும் பொன்னிறமாக வதக்கியதும் கறியைப் போட்டு, தண்ணீர் வற்றும்வரை கிளற வேண்டும். இங்கே அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் கறி வதங்காமல் வெளுத்துக் கிடக்கும். பின் தக்காளி, மஞ்சள்தூள், உப்பு, முக்கால் பங்கு பொடி சேர்த்து, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு மூடவேண்டும். கோழிக்கறி 10 முதல் 15 நிமிடத்தில் ஆகிவிடும். ஆட்டுக்கறிக்குக் குக்கரில் மூன்று விசில். மீதிப் பொடியை இறக்கும்போது தூவினால் மிளகின் மணம் நிற்கும்.

கோதுமைப் பாஸ்தாவாக இருந்தால், வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்துக் குழம்பில் விட்டுப் பிரட்டலாம்; அதிலுள்ள மாவுச்சத்து குழம்பை ஒட்டவைக்கும். கோதுமை கலக்காத சிறுதானியப் பாஸ்தாவில் பசைப் புரதமான குளூட்டன் இல்லை. பிரட்டினால் உடைந்து குழைந்துவிடும். அதை உறையில் சொன்ன நேரத்துக்கு ஓரிரு நிமிடம் முன்பே வடித்து, தட்டில் வைத்து, குழம்பைச் சற்றுத் தளர்வாக மேலே ஊற்றிச் சாப்பிடுவதே சரி. களிக்கும் சாமைச் சோற்றுக்கும் கறிக்குழம்பு ஊற்றுகிற முறையும் அதுதான்.