யாரைக் கேட்டுப் பெயர் எழுதினீர்கள்?

1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் கையெழுத்திட வேண்டியிருந்தது. அந்த ஏழு பேரின் பெயர், தொழில், முகவரி மூன்றும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டியிருந்தது. கேட்பது நியாயம்தான், யாரென்றே தெரியாத சங்கத்தோடு யார் பேச்சுவார்த்தைக்கு உட்காருவார்கள்? ஆனால் 1984இல் திருப்பூரில் பஞ்சப்படிக்காக 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஏழு கையெழுத்துகள்தான் நினைவுக்கு வரும். அன்று பனியன் கம்பெனிகளில் பெரும்பாலும் ஆண்கள். ஏற்றுமதி பெருகிய பிறகுதான் பெண்கள் திரளாக உள்ளே வந்தார்கள், முதலில் கைமடிக்கும் செக்கிங்குக்கும், பிறகு பவர் டேபிளுக்கும். பட்டியலில் பெயர் வந்தால் ஆணை முதலாளி கேட்பார். பெண்ணை முதலாளியோடு காண்ட்ராக்டரும், விடுதி வார்டனும், ஊரிலிருக்கும் அண்ணனும், பேசி வைத்த மாப்பிள்ளை வீடும் கேட்கும்.

வேடிக்கை என்னவென்றால், அவள் பெயர் இருக்க வேண்டிய பட்டியலில் அது இருப்பதில்லை. காண்ட்ராக்டரின் குறிப்பேட்டில் ‘ஒன்றரை ஷிப்ட்’ என்று இருக்கும், பி.எஃப். கணக்கிலும் இ.எஸ்.ஐ. அட்டையிலும் அவள் இருக்க மாட்டாள்.

பட்டியல் போடுவதை நான் எதிர்க்கவில்லை. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ரானா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, எந்த பிராண்டுக்கு அங்கே துணி தைக்கப்பட்டது என்பதை அறிய இடிபாடுகளில் லேபிள் தேட வேண்டியிருந்தது. ஆலைகளின் பெயர் வியாபார ரகசியம் என்று பிராண்டுகள் நெடுங்காலம் சொல்லிவந்தன. அமெரிக்க மாணவர்கள் தொண்ணூறுகளின் இறுதியிலேயே இதை எதிர்த்துப் போராடினார்கள். 2005இல் நைக்கி தன் ஆலைப் பட்டியலை வெளியிட்டது. 2019இல் யாரும் ஆலை விவரங்களைச் சேர்க்கவும் தேடவும் கூடிய ஓப்பன் அப்பேரல் ரெஜிஸ்ட்ரி வந்தது. இன்று அதன் பெயர் ஓப்பன் சப்ளை ஹப். திருப்பூர் ஆலைகளும் அதில் இருக்கின்றன. அவற்றின் முதலாளிகளிடம் முன்கூட்டியே சம்மதம் கேட்டிருக்க வேண்டுமா? தேவையில்லை என்பேன். நூற்றுக்கணக்கானோரை ஒரு கூரைக்கடியில் வேலை வாங்குகிறவர் தன் முகவரியை மறைக்க முடியாது.

ஆனால் இதே பழக்கம் பெண்கள் குழுக்கள் பக்கமும் திரும்பியது. எங்களுடையது ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கூடும் சிறு குழு. சம்பளக் கணக்குப் பார்ப்போம், மனு எழுதுவோம், சில வாரம் வெறும் பேச்சுதான். பெயர்கூட வைக்கவில்லை. வெளியூர் அமைப்பு ஒன்று ‘உதவிக் குழுக்கள்’ என்று இணையத்தில் தொகுத்த கையேட்டில், எங்களுக்கு ஒரு பெயர் சூட்டி, நாங்கள் கூடும் பகுதியையும் ஒரு பெண்ணின் கைபேசி எண்ணையும் போட்டுவிட்டது. ஆராய்ச்சி மாணவர்கள் அழைத்தார்கள். கடன் தருகிறோம் என்று அழைத்தார்கள். இரவு பதினொரு மணிக்குப் பெயர் சொல்லாத ஆண்கள் அழைத்தார்கள். ஒருநாள் சூப்பர்வைசர் அவளிடம், “என்னம்மா, சங்கம் நடத்தறியாமே?” என்றார். அவள் எண்ணை மாற்றினாள். பழைய எண்ணுக்குத்தான் பி.எஃப். ஓ.டி.பி. வரும், அதைச் சரிசெய்ய அரை நாள் கூலிகளை விட்டு அலைந்தாள்.

கையேட்டுக்காரர்கள் கெட்டவர்கள் அல்லர். “நாலு பேருக்குப் பயன்படட்டும்னுதான் போட்டோம்” என்றார்கள். அதிலும் உண்மை உண்டு: ஒடிசாவிலிருந்து வந்து விடுதியில் மாட்டிக்கொண்ட ஒரு பெண் அந்தக் கையேட்டைப் பார்த்துத்தான் எங்களிடம் வந்தாள். அதனால் பெயரை எடுத்துவிடுங்கள் என்று எழுதுவது எங்களுக்கு எளிதாக இல்லை. இரண்டு ஞாயிறு அதையே பேசினோம்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வேறுபாட்டை நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறது. உள்ளகக் குழுவை அமைத்த ஆணையை எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. புகார் தந்தவரின் பெயரும் முகவரியும் அடையாளமும் வெளியே போகக் கூடாது என்கிறது 16ஆம் பிரிவு. தகவல் உரிமைச் சட்டத்தின் பெயரால் கேட்டாலும் கூடாது. கிடைத்த நீதியைப் பற்றி, அவளை அடையாளம் காட்டாமல் பேசலாம். 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, சம்மதம் என்பது சுதந்திரமானதாக, தெளிவானதாக இருக்க வேண்டும், கொடுத்தது போலவே எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. ஆனால் அது பேசுவது தனிநபரைப் பற்றி. பதினாறு பெண்கள் சேர்ந்த ஒரு குழுவுக்காக யார் சம்மதம் சொல்வது? எண் கொடுத்தவளா, மூத்தவளா? ஒருத்தி சரி என்று சொன்னால் மற்ற பதினைந்து பேரும் சேர்ந்தே வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

கடைசியில் நாங்கள் எழுதியனுப்பியது இது: எங்களுக்குச் சூட்டிய பெயர் வேண்டாம், இடமும் வேண்டாம். ‘திருப்பூர் பகுதியில் பெண் தொழிலாளர்கள் கூடுகிறார்கள்’ என்று மட்டும் போடுங்கள். தொடர்புக்கு, ஏற்கெனவே வெளியே தெரிந்த, அதற்குச் சம்மதித்த ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தின் எண். விசாரித்து வருகிறவளை அவர்கள் எங்களிடம் அனுப்புவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்களைக் கேட்டுவிட்டுத்தான் பதிவைத் தொடர வேண்டும். ஒருத்தி மாட்டேன் என்றாலும் எடுத்துவிட வேண்டும்.

கடைசி நிபந்தனையைச் சேர்க்கச் சொன்னது எண்ணை மாற்றியவள்தான். அது ரொம்ப அதிகமில்லையா என்று ஒருத்தி கேட்டாள். “சங்கத்துக்கே ஏழு கையெழுத்து கேக்கறாங்கல்லக்கா,” என்றாள் அவள், “நாம பதினாறு கேட்டா என்ன?”