வாரிக்குந்தமும் திவானும்

 1956 நவம்பர் முதல் தேதி, கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. குமரிக்காரர்களுக்கு ஒரு ராஜா கதை உண்டு.

முன்பு அவர்களை ஆண்டது திருவிதாங்கூர் மன்னர் என்பது பெயரளவில்தான். பிடி முழுக்க திவான் சி.பி. ராமசாமி ஐயரிடம். சென்னையில் பைக்காரா மின்திட்டத்துக்குப் பாடுபட்டவர், கெட்டிக்காரர். ஆனால் 1946-இல் அவர் நீட்டிய 'அமெரிக்க மாடல்' அரசியலமைப்பில் சட்டமன்றம் இருந்தது, திவானை அசைக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. மக்களா ஏமாறுவார்கள்? "அமெரிக்க மாடல் அரபிக்கடலில்" என்று கோஷம் எழுந்தது.

ஆலப்புழைப் பக்கத்துக் கயிற்றுத் தொழிலாளர்களும் மீனவர்களும் கமுகு மரத்தைச் சீவி ஈட்டி செய்தார்கள். வாரிக்குந்தம் என்று பெயர். அக்டோபர் 24 அன்று புன்னப்புரா போலீஸ் முகாமைத் தாக்கினார்கள். மறுநாளே ராணுவச் சட்டம். 27-ஆம் தேதி வயலாரில் துப்பாக்கிகள் வெடித்தன. குந்தம் எங்கே, துப்பாக்கி எங்கே! செத்தவர் கணக்கில் இன்றும் தகராறு உண்டு.

திவான் அடங்கவில்லை. 1947 ஜூனில் திருவிதாங்கூர் தனிநாடு என்றார். ஜூலை 25 அன்று, திருவனந்தபுரத்தில் இசைக் கச்சேரி நடந்த இடத்தில் கே.சி.எஸ். மணி என்ற சோஷலிஸ்ட் இளைஞர் அவரை வெட்டினார். உயிர் தப்பியது. சில நாட்களில் மன்னர் இந்தியாவோடு சேரச் சம்மதித்தார். ஆகஸ்டில் திவான் பதவியை விட்டு வெளியேறினார்.