நீலகிரிக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்?

கூடலூர்ல இருந்து நாடுகாணி வழியா நிலம்பூருக்கு பஸ்ல இறங்கியிருக்கீங்களா? டீ எஸ்டேட் முடியற இடத்துல காடு ஆரம்பிக்கும். கொண்டை ஊசி வளைவுல குடல் வாய்க்கு வரும். வழிக்கடவு தாண்டினா மலையாள போர்டு, அப்புறம் கொஞ்ச நேரத்துல தேக்கு, தேக்கு, தேக்குதான். நீலகிரின்னா நமக்கு ஊட்டி, குன்னூர், குளிர், வறுக்கி. அந்த மலைக்கும் கப்பலுக்கும் சம்பந்தம் இருக்குன்னா சிரிப்பீங்க. ஆனா கத்தார் ஷேக்குகள் சொகுசுப் படகுன்னு வாங்கற மரக்கப்பலோட கதையில பாதி இந்தச் சரிவுலதான் நடந்திருக்கு.

நீலகிரியில பெய்யற மழை எல்லாம் பவானிக்குப் போறதில்லை. கூடலூர்ப் பக்கத்துப் பாண்டியாறும், மேற்குச் சரிவுல இறங்கற கரிம்புழாவும் நிலம்பூர்ப் பக்கம் போய் சாலியாற்றில் கலக்குது. அது கோழிக்கோட்டுக்குத் தெற்கே பேப்பூர்ல அரபிக்கடலைத் தொடும். பேப்பூர்ல கட்டற மரக்கப்பலுக்குப் பேர் 'உரு'. மரம் மேலே, தச்சர் கீழே, நடுவுல ஆறு. வாடகை கேட்காத லாரி! யானை இழுத்துட்டு வந்து ஆத்தங்கரையில போடும். கனமான தடிகளுக்கு மூங்கில் கட்டி மழைக்காலத்து வெள்ளத்தில் விட்டுடுவாங்க. அரபு நாட்டுல கப்பலுக்கு ஏத்த மரம் கிடையாது. அதனால அங்கிருந்து பேரீச்சம்பழத்தோட வந்து இங்கிருந்து மரமாகவோ கப்பலாகவோ வாங்கிட்டுப் போறது பல நூற்றாண்டுப் பழக்கம்.

அப்புறம் வெள்ளைக்காரன் வந்தான். அவன் ஊர்ல கப்பலுக்கு ஓக் மரம். ஓக்குல இருக்கற அமிலம் இரும்பு ஆணியை அரிச்சுடும், தேக்குல அந்தப் பிரச்சினை இல்லை, தவிர தேக்கோட எண்ணெய் பூச்சியையும் கிட்ட விடாது. மலபார்த் தேக்குல பம்பாய் வாடியா குடும்பம் 1817-ல் கட்டின போர்க்கப்பல் 'ட்ரிங்கோமாலி' (ஆமாம், நம்ம திருகோணமலைதான்) இன்னமும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல்ல மிதக்குது.

வெட்டி வெட்டி 1840-கள்ல கைக்கு எட்டின நல்ல தேக்கு தீர ஆரம்பிச்சது. மலபார் கலெக்டர் கொனோலி, நிலம்பூர்ல தேக்கை நட்டு வளர்க்கலாம்னு இறங்கினார். விதை முளைக்கவே மாட்டேன்னுது. அதை முளைக்க வச்சுக் காடாக்கினது சாத்து மேனன்ங்கிற உள்ளூர் அதிகாரி. உலகத்தின் மிகப் பழைய தேக்குத் தோட்டம் இதுதான். பேர் மட்டும் 'கொனோலி பிளாட்'. கோட் எழுதினவன் ஒருத்தன், பேர் மேனேஜருக்கு. நமக்குத் தெரியாததா? :-)

சரி, உருவுக்கு வருவோம். இதுக்கு வரைபடம் கிடையாது. நீளம், அகலம், வளைவு எல்லாம் தலைமைத் தச்சரோட மண்டைக்குள்ள. முதல்ல வெளிப்பலகையைச் சேர்த்துட்டு, அப்புறம்தான் உள்ளே விலா எலும்பு மாதிரி சட்டங்களைப் பொருத்துவாங்க. ஐரோப்பியர்கள் செய்யறதுக்கு நேர் தலைகீழ். இடுக்குல பஞ்சை அடைப்பாங்க. ஒண்ணு முடிய வருஷக்கணக்குல ஆகும். முடிஞ்சதும் கலாசிகள் வருவாங்க. கப்பி, வடம், மர உருளை, கூடவே ஒரு பாட்டு, அவ்வளவுதான். அத்தனை எடையையும் கையாலேயே நகர்த்தித் தண்ணியில இறக்கிடுவாங்க. 1988-ல் கொல்லம் பக்கம் பெருமண்ல ரயில் அஷ்டமுடிக் காயல்ல விழுந்தப்ப பெட்டிகளை மேலே கொண்டுவர இவங்களைத்தான் கூப்பிட்டாங்க.

இரும்புக் கப்பல் வந்ததும் உருவோட சரக்கு வியாபாரம் படுத்துடுச்சு. பட்டறைகளை இழுத்து மூடாம காப்பாத்தினது வளைகுடாப் பணம். அன்னிக்குச் சரக்கு ஏத்தினவங்களோட பேரன்களுக்கு இன்னிக்கு அதே உருவம் விருந்துக்கும் உல்லாசத்துக்கும் வேணும். மரக்கூடு பேப்பூர்ல. இன்ஜின், ஏசி, படுக்கையறை பெரும்பாலும் அங்கே கொண்டுபோய் வைப்பாங்க. பாய் பேருக்குத்தான்.

இது புதுசும் இல்லை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில கட்டின 'அன்னபூரணி அம்மாள்' பாய்க்கப்பலை, சின்னப் படகுல உலகம் சுத்தின அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கினார். மனைவி பேரை வச்சு 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்' ஆக்கினார். 1938-ல் அது மாசசூசெட்ஸ் மாநிலத்து கிளாஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. ஓட்டிட்டுப் போனவங்கள்ல வல்வெட்டித்துறைத் தமிழர்களும் உண்டு.

இப்ப மறுபடி மலை ஏறணும். கூடலூர்ப் பகுதி 1877 வரைக்கும் மலபார் மாவட்டத்து வயநாட்டில் இருந்தது, அதுக்கப்புறம்தான் நீலகிரி. அங்கே பெரும்பாலான காடு நிலம்பூர்க் கோவிலகத்தோட ஜன்ம நிலம். பிற்பாடு அரசாங்கம் எடுத்துக்கிச்சு. அந்தக் கோவிலகத்துக்காரர் டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்க் காட்டை வெட்டி அழிக்கறாங்கன்னு 1995-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1996 டிசம்பர் 12-ல் வந்த உத்தரவு, மத்திய அரசு ஒப்புக்கொண்ட திட்டம் இல்லாம எந்தக் காட்டுலயும் மரம் வெட்டக்கூடாதுன்னு இந்தியா முழுக்க நிறுத்தினது. கப்பலுக்கு மரம் கொடுத்துட்டிருந்த குடும்பத்துல இருந்தே இப்படி ஒருத்தர்! தன் பேர்ல நடந்த வழக்கு ஓயறதுக்குள்ள, 2016-ல் அவர் காலமாயிட்டார்.

உரு கட்டறவங்க வயித்துல இது அடிச்சிருக்கும்னு நினைச்சாக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நாடுகாணியில பஸ் ஜன்னல் வழியா அந்தக் காட்டைப் பார்த்தவன் நான், எனக்கு திருமுல்பாடு பக்கம்தான். பேப்பூர்ப் பட்டறைக்கு இப்ப மலேசியாவுல இருந்தும் மரம் வருது. சாலியாற்றுல தேக்குத் தடி மிதந்து வந்த காலம் போச்சு, ஷேக்கோட கப்பலுக்கு மரமே கப்பல்ல வருது.