தானுந்து ஊதுவிசிறி

தானுந்து ஊதுவிசிறி என்பது தானுந்தின் உட்பகுதிக்குள் காற்றைச் செலுத்தும் மின்விசிறி ஆகும். பணிமனைகளில் இது புளோயர் என்றே வழங்கப்படுகிறது. குளிர்நாடுகளில் இது முதன்மையாகச் சூடேற்றியின் விசிறியாக அறியப்படுகிறது. தமிழ்நாட்டுச் சமவெளிகளில் சூடேற்றியின் தேவை மிகக் குறைவு. எனினும் பெரும்பாலான தானுந்துகளில் சூடேற்றிக்கும் குளிரூட்டிக்கும் ஒரே விசிறி பயன்படுவதால், இது நின்றால் குளிர்காற்றும் நின்றுவிடும். மழைக்காலத்தில் முன்கண்ணாடியின் உட்புறம் படியும் நீராவிப் படலத்தை அகற்றுவதற்கும் இதுவே தேவைப்படுகிறது. எனவே இதன் பழுது பாதுகாப்பையும் பாதிக்கிறது.

வரலாறு

தொடக்ககாலச் சூடேற்றிகள் பல, தானுந்தின் உள்ளேயிருந்த காற்றையே மீண்டும் மீண்டும் சூடாக்கின. 1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாஷ் மோட்டார்ஸ் நிறுவனம், வெளிக்காற்றை வடிகட்டிச் சூடாக்கி உள்ளே செலுத்தும் அமைப்பை அறிமுகப்படுத்தியது. இன்றைய அமைப்புகளும் இதே கோட்பாட்டைப் பின்பற்றுகின்றன.

அமைப்பு

வலப்புற ஓட்டுநர் இருக்கை கொண்ட இந்தியத் தானுந்துகளில் ஊதுவிசிறி பொதுவாக முன்பலகையின் இடப்பக்கத்தில், பொருள்வைப்புப் பெட்டியின் பின்னோ கீழோ அமைந்திருக்கும். இதன் முக்கிய உறுப்புகள் பின்வருமாறு:

* 12 வோல்ட் நேர்மின் மோட்டாரும் அதன் அச்சில் பொருத்தப்பட்ட உருளை வடிவ விசிறியும்
* ஃபியூஸ் என வழங்கும் உருகி. பல வண்டிகளில் இதனுடன் ரிலேயும் உண்டு
* வேகத்தைத் தெரிவுசெய்யும் சுவிட்ச்
* வேகத்தைக் குறைக்கும் மின்தடைத் தொகுதி

மின்தடைத் தொகுதி சூடாகும் இயல்புடையது. ஆகவே அது விசிறியின் காற்றோட்டத்திலேயே வைக்கப்படுகிறது. உயர்ந்த வேகத்தில் மின்னோட்டம் இத்தொகுதி வழியாகச் செல்வதில்லை. தானியங்கி வெப்பக் கட்டுப்பாடுள்ள வண்டிகளில் இதற்குப் பதிலாக மின்னணுக் கட்டுப்பாட்டுத் தொகுதி இருக்கும்.

பழுதறிதல்

முதலில் காற்றே வரவில்லையா, அல்லது காற்று வந்தும் குளிரவில்லையா எனப் பிரித்தறிய வேண்டும். காற்று நன்றாக வந்தும் குளிரவில்லையெனில் பழுது ஊதுவிசிறியில் இல்லை. காற்றே வராத நிலையில் குளிர்வாயுவை நிரப்புவது பயனற்றது. நெடுநேர ஓட்டத்தில் காற்று படிப்படியாகக் குறைந்து, குளிரூட்டியைச் சற்று நிறுத்தியபின் மீள்கிறதெனில், குளிர்விப்புச் சுருளில் பனி உறைந்திருக்கக்கூடும். அப்போது மோட்டாரின் ஒலி குறையாமல் கேட்கும்.

1. உயர்ந்த வேகம் மட்டும் இயங்கினால், மின்தடைத் தொகுதி எரிந்திருக்க வாய்ப்பு மிகுதி.
2. உயர்ந்த வேகம் மட்டும் இயங்காவிடில், சுவிட்ச் அல்லது அவ்வேகத்துக்குரிய ரிலேயைச் சோதிக்க வேண்டும்.
3. எந்த வேகமும் இயங்காவிடில், முதலில் உருகியைப் பார்க்க வேண்டும்.
4. உருகி நன்றாயிருந்தால், சுவிட்சை உயர்ந்த வேகத்தில் வைத்து, மோட்டாரின் இணைப்பானில் இரு முனைகளுக்கும் இடையே மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். மின்கலத்தின் அழுத்தத்திற்கு நெருங்கிய அளவு இருந்தும் மோட்டார் சுழலாவிடில் பழுது மோட்டாரிலேயே உள்ளது. அழுத்தம் இல்லையெனில் ரிலே, சுவிட்ச், எர்த் கம்பி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். சில வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கத்தில் அமைந்திருப்பதால், ஒரு முனையை மட்டும் அளப்பது தவறான முடிவைத் தரும்.
5. மோட்டாரை மெல்லத் தட்டும்போது சுழன்றால், அதன் கார்பன் தேய்ந்திருக்கலாம்.

காரணமும் விளைவும்

எரிந்த உறுப்பே பழுதின் மூலம் எனக் கொள்வது பரவலான பிழையாகும். தூசியாலோ துருவாலோ இறுகிச் சுழலும் மோட்டார் இயல்பைவிட மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கிறது. அதனால் மின்தடைத் தொகுதி, இணைப்பான், உருகி ஆகியவற்றுள் ஒன்று எரிகிறது. எரிந்ததை மட்டும் மாற்றினால் புதியதும் விரைவில் எரியும். ஆகவே விசிறியைக் கையால் சுழற்றிப் பார்ப்பதும், அது இழுக்கும் மின்னோட்டத்தை அளப்பதும் இன்றியமையாதவை.

சென்னையின் மேற்குப் புறநகர்ச் சூழல்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய பகுதிகளின் சாலைத்தூசி உட்காற்று வடிகட்டியை அடைக்கிறது. மரத்தடியில் நிறுத்தப்படும் வண்டிகளில் முன்கண்ணாடியின் அடியிலுள்ள காற்றுவாயில் இலைச்சருகுகளால் நிறைகிறது. எலிகள் கம்பிகளைக் கடிப்பதும் உண்டு. ஊதுவிசிறி தாழ்வாக அமைந்திருப்பதால் வெள்ளநீர் அதை எளிதில் எட்டுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் நீர் புகுந்த 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் ஏராளமான வண்டிகள் நீரில் மூழ்கின. இவ்வாறு நனைந்த மோட்டார் உலர்ந்தபின் இயங்கினாலும், துரு காரணமாகப் பல மாதங்கள் கழித்து இறுகக்கூடும். சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிப்பொருள் சந்தைகளில் மோட்டார் வாங்குவோர் அச்சிலும் இணைப்பானிலும் துரு உள்ளதா எனப் பார்ப்பது நலம்.

பாதுகாப்பு

வரையறுத்த அளவினும் பெரிய உருகியைப் பொருத்துவதும், உருகிக்கு மாற்றாகக் கம்பியைச் சுற்றுவதும் தீவிபத்துக்கு வழிவகுக்கும். மின்தடைத் தொகுதியில் உள்ள வெப்ப உருகியை நீக்கி நேரடியாக இணைப்பதும் அத்தகையதே. ஐக்கிய இராச்சியத்தில் வாக்சால் சாஃபிரா பி வகைத் தானுந்துகள் பல தீப்பற்றியதைத் தொடர்ந்து, 2015-லும் 2016-லும் அவை திரும்ப அழைக்கப்பட்டன. ஊதுவிசிறியின் மின்தடைத் தொகுதியும், அதன் வெப்ப உருகி முறையற்று மாற்றப்பட்டதும் அங்கு ஆராயப்பட்ட காரணங்களுள் முதன்மையானவை. கருகிய நாற்றம் வந்தால் விசிறியை உடனே நிறுத்தி, வண்டியை ஓரங்கட்டி இயந்திரத்தையும் நிறுத்த வேண்டும். இணைப்புகளைக் கழற்றுமுன் மின்கலத்தின் எதிர்முனையைத் துண்டிக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* தானுந்து
* காற்றுப்பதனம்
* மின்தடை
* உருகி