கொறங்காடும் குளோவரும்

ஐரோப்பிய வேளாண்மை வரலாற்றில் ஒரு சிறு செடிக்குப் பெரிய இடம் உண்டு. அதுவே குளோவர். அதன் ஒரு வகையான வெண் குளோவர், மூன்று சிற்றிலைகளும் வெண்ணிறப் பூங்கொத்தும் உடையது. தரையில் படர்ந்து கணுதோறும் வேர் விடுவதால், ஆடுமாடுகள் மேய்ந்தாலும் மிதித்தாலும் அது மீண்டும் தழைக்கும்.

முற்காலத்தில் ஐரோப்பிய உழவர், வலிமை குன்றிய நிலத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரிசாக விட்டு வைத்தனர். 17ஆம் நூற்றாண்டில் பிளாண்டர்ஸ் நாட்டு உழவரின் குளோவர் பயிர் இங்கிலாந்துக்குப் பரவிற்று. 18ஆம் நூற்றாண்டில் நார்போக் பகுதியில் கோதுமை, டர்னிப் கிழங்கு, பார்லி, குளோவர் என்று மாற்றிப் பயிரிடும் முறை சிறப்புற்றது. தரிசு குறைந்தது, தீவனம் பெருகிற்று. தீவனத்தால் கால்நடையும், கால்நடையால் எருவும், எருவால் தானியமும் பெருகின.

இதன் காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. 1886ஆம் ஆண்டில் ஹெல்ரீகல் என்னும் ஜெர்மானிய அறிஞர் அதனை வெளிப்படுத்தினார். பயறு இனச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள், காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக மாற்றித் தருகின்றன. உழவர் அனுபவத்தால் கண்டதை அறிவியல் பின்னர் விளக்கிற்று.

நம் நாட்டில் இத்தகைய மேய்ச்சல் நிலம் இல்லையா என்று மாணவர்கள் வினவலாம். வெண் குளோவர் குளிர்ச்சியும் ஈரமும் விரும்புவது. நீலகிரி அதற்கு ஏற்றது, சமவெளியின் வெயில் ஏற்றதன்று. ஆனால் அதன் பணியைச் செய்யும் செடிகள் நம்மிடம் உண்டு.

திருச்சிராப்பள்ளியில் காட்டூர் என்னும் ஊர் இருக்கிறது. காடு என்றதும் அடர்ந்த வனமே நம் நினைவுக்கு வரும். மேற்கே கொங்கு நாட்டு உழவர் பேச்சிலோ, மழையை நம்பிய புன்செய் நிலமும் காடுதான். அத்தகைய ஒன்றே கரூர், காங்கயம், தாராபுரம் பகுதிகளில் காணும் கொறங்காடு. இவற்றுள் கரூர், 1910 முதல் 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது.

கொறங்காடு என்பது முட்கிளுவை வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலம். அதில் வறட்சியைத் தாங்கும் கொழுக்கட்டைப் புல் வளரும். புல்லோடு நரிப்பயறு போன்ற பயறு இனக் கொடிகள் படரும். இடையிடையே வெள்வேல மரங்கள் நிழல் தரும். அவற்றின் காய் ஆடுகளுக்குத் தீவனம். வேலி இருப்பதால் மாடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிடலாம். ஒரு காடு மேய்ந்து தீர்ந்ததும் மந்தையை அடுத்த காட்டுக்கு மாற்றுவர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைப்பர்; பின்னர்ப் புல் தானே முளைக்கும். மந்தையின் சாணமும் ஆட்டுப் புழுக்கையும் நிலத்திலேயே தங்கும். குளோவர் வயல் ஈந்த பயனை இங்கே புல்லும் பயறும் மரமும் கூடி ஈந்தன.

இந்நிலத்தில் வளர்ந்தவையே புகழ்பெற்ற காங்கயம் காளைகள். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் இவ்வினத்தைப் பேணி வளர்த்தார். லிட்டில்வுட் என்னும் ஆங்கிலேய அதிகாரி, தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி 1936இல் வெளியிட்ட நூலில் இவ்வினத்தை விவரித்துள்ளார்.

இன்று டிராக்டர் வந்தபின் எருதின் தேவை குறைந்துவிட்டது. மேய்ச்சல் காடுகள் பல வீட்டு மனைகளாகின்றன. மாட்டினத்தை மட்டும் காப்போம், நிலம் போனால் போகட்டும் என்பது பொருந்தாது. மாடும் புல்லும் வேலியும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை; ஒன்று அழியின் மற்றவை நிலையா. மாணவர்கள் கரூர்ப் பக்கம் செல்லுங்கால், கிளுவை வேலிக்கு அப்பால் இருப்பதை வெறும் தரிசு என்று கருதாமல், நின்று உற்று நோக்குவார்களாக.