சுத்தியலும் முதுகு ஊசியும்

ஜெர்மனியின் கீல் நகரம். 1898 ஆகஸ்ட் 24. இடுப்புக்குக் கீழே மரக்கவைக்கும் ஊசியைத் தன்மீதே சோதிக்க, அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர் தன் முதுகைக் காட்டினார். உதவியாளர் ஊசியை இறக்கினார். மருந்துக் குழாய் ஊசியோடு பொருந்தவில்லை. தண்டுவட நீர் ஒழுகிப்போனதுதான் மிச்சம்.

விட்டுவிடவில்லை, இடம் மாறிக்கொண்டார்கள். உதவியாளரின் பெயரும் ஆகஸ்ட்தான், ஆகஸ்ட் ஹில்டபிராண்ட். அவர் முதுகில் 5 மில்லிகிராம் கோகெயினைச் செலுத்திய பியர், கால் மரத்ததா என்று பார்க்க ஆரம்பித்தார். ஊசியால் குத்தினார், சுருட்டு நெருப்பால் சுட்டார், கடைசியில் இரும்புச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஓங்கி அடித்தார். ஹில்டபிராண்டுக்கு வலிக்கவே இல்லை. முக்கால் மணி நேரத்தில் உணர்வு திரும்பியது. இருவரும் ஒயினும் சுருட்டுமாகக் கொண்டாடினார்கள். அதன்பின் ஒன்பது நாள் பியரால் எழ முடியவில்லை. தலையைத் தூக்கினால் வலி, படுத்தால் நிம்மதி.

இந்தச் சோதனைக்கு எட்டு நாள் முன்புதான் பியர் முதல் நோயாளிக்கு இந்த ஊசியைப் போட்டிருந்தார். 34 வயதுத் தொழிலாளி; கணுக்கால் மூட்டில் காசநோய். ஆக, இந்த முறையின் கதை தொடங்கியதே ஒரு மூட்டில்தான். இதற்கான வழியை 1891இல் அதே கீலில் ஹைன்ரிக் குவிங்கே திறந்துவைத்திருந்தார். தண்டுவட நீரை எடுக்க இடுப்புப் பக்கம் ஊசி குத்தியவர் அவர். மருந்துக்கான யோசனை வியன்னாவிலிருந்து வந்தது. கண்ணை மரக்கச் செய்ய கோகெயின் உதவும் என்று 1884இல் அங்கே மருத்துவர் கார்ல் கொல்லர் காட்டியிருந்தார்.

பியரைப் படுக்கவைத்த தலைவலிக்குக் காரணம், ஊசி போட்ட துளை வழியே நீர் கசிவது. மெல்லிய ஊசிகளும், 1951இல் வந்த பென்சில் முனை ஊசியும் கசிவைக் குறைத்தன. நச்சுத்தன்மை மிகுந்த கோகெயினின் இடத்துக்குப் புரோகெயின் முதலிய மருந்துகள் வந்தன.

ஆனால் 1947இல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில், ஒரே நாளில் இந்த ஊசி போடப்பட்ட இருவரின் கால்கள் செயலிழந்தன. மருந்துக் குப்பிகள் கிருமிநாசினியான ஃபீனால் கரைசலில் வைக்கப்பட்டிருந்தன. கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியே அது உள்ளே புகுந்திருக்கலாம் என்று நீதிமன்றம் ஏற்றது. பிரிட்டனில் பல மருத்துவர்கள் இந்த முறையையே கைவிட்டார்கள். அமெரிக்காவிலோ மருத்துவர்கள் டிரிப்ஸும் வாண்டமும் 10,000க்கும் மேற்பட்ட ஊசிகளைத் தொடர்ந்து கவனித்து, பெரிய நரம்புச் சேதம் எதுவுமில்லை என்று 1954இல் எழுதினார்கள்.

1962இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி, உலோகத் தலையும் பிளாஸ்டிக் கிண்ணமும் கொண்ட இடுப்பு மூட்டைப் பொருத்தத் தொடங்கினார். மூட்டு மாற்று சிகிச்சைக்கு வந்தவர்களில் பலர் முதியவர்கள், நுரையீரல் தளர்ந்தவர்கள். இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கவைக்கும் ஊசி அவர்களுக்குத் தோதாக இருந்தது. பியரை வாட்டிய தலைவலியும் முதியவர்களுக்குக் குறைவாகவே வருகிறது. அதற்காக எல்லாம் சுலபமென்று இல்லை. வயதான முதுகெலும்பில் இடைவெளி குறுகிப்போயிருக்கும், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தண்டுவடத்தருகே ரத்தம் கட்டும் ஆபத்தும் உண்டு. இடுப்பு எலும்பு முறிந்த 1,600 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வில், 60 நாளில் உயிரோடு நடமாடுவதிலோ மனக்குழப்பத்திலோ, முழு மயக்கத்தைவிட முதுகு ஊசி மேல் என்று நிரூபணமாகவில்லை.

இருந்தும் இன்று முழங்கால் மாற்றும் எத்தனையோ அறைகளில் திரைக்கு இந்தப்பக்கம் நோயாளி விழித்தபடி படுத்திருக்கிறார். அந்தப்பக்கம் புது மூட்டை எலும்பில் இறுக்கும் சுத்தியல் சத்தம். ஹில்டபிராண்டைப் போலவே அவருக்கும் அடி விழுவது தெரிகிறது, வலி மட்டும் தெரிவதில்லை.